கடல் கடந்த உறவும் கதவடைத்த எல்லையும்

சாந்தோம் கடற்கரையில் நின்று வடகிழக்கே நோக்கினால் நீர்ப்பரப்பு ஒன்றே கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்பாலுள்ள இரங்கூன் நம் பாட்டன்மார்க்கு அயல்நாடாகத் தோன்றியதில்லை. 1937 வரை பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமே. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்றோர் வணிகராயினும் கூலியாளராயினும் அவர்தம் குடும்பம் இரு கரையிலும் வேர்விட்டது. ஊரில் ஒரு மனைவியும் இரங்கூனில் ஒரு மனைவியுமாக வாழ்ந்தோரும் உளர். பெரியவர்கள் இதனை உரத்துப் பேசுவதில்லை, எனினும் மறைப்பதற்கில்லை.

1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதத்தில் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதனவாயின. அப்பத்தாண்டில் ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர் வெளியேறினர் என்பர். வியாசர்பாடிக் குடியிருப்பும் பாரிமுனைக்கு அருகிலுள்ள பர்மா பஜாரும் அவ்வரலாற்றின் எச்சங்களே. (அங்கு விற்கும் அத்தோவை விரும்பி உண்ணும் இளைஞருள் எத்தனை பேர் அதன் வரலாற்றை அறிவர்?)

எல்லாரும் வந்துவிடவில்லை. பர்மியக் குடியுரிமை பெற்ற மனைவியும் மக்களும், அங்கே மணமுடித்துக் கொடுத்த பெண்களும் தங்கிவிட்டனர். வந்தோர் மீண்டும் செல்ல வழியில்லை. வெளிநாட்டார் தங்குவதற்கு அந்நாளில் 24 மணி நேரமே அனுமதி. பின்னர் அது 7 நாளாயிற்று. முகாம் வாழ்வு பொறாத சிலர் நிலவழியே திரும்ப எண்ணி மணிப்பூர் வரை சென்றனர். பர்மியக் காவலர் தடுக்கவே, எல்லையோரத்து மோரேயில் தங்கினர். அங்குத் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோயிலும் தோன்றின. அத்தமிழருள் முஸ்லிம்களும் உளர். பிறந்த நாட்டின் தமு நகரம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது.

பிரிந்தோர் பட்ட துயரின் ஒரு கூற்றை மட்டும் ஈண்டு விளக்குவது தகும். கணவன் காணாமற்போனால் ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்புப்படி, அவனையொத்த வயதினர் மறையும் வரை மனைவி காத்திருக்க வேண்டும். மாலிக்கி மத்ஹபு 4 ஆண்டு என்றது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் பின்னதைத் தழுவியது. ஆனால் இரங்கூனில் இருப்பவன் காணாமற்போனவன் அல்லனே! அவன் முகவரி தெரியும், கடிதமும் வரும், ஆள் மட்டும் வர இயலாது. 2 ஆண்டு பராமரிக்கத் தவறினான் என்னும் பிரிவின்கீழ் வழக்காடலாம் எனின், நாணயக் கட்டுப்பாட்டால் பணம் அனுப்ப இயலாதவன்மீது பழி சுமத்துவதாகும். சட்டம் வழி தந்தது, மனம் தரவில்லை. இத்தகைய பெண்டிரைக் கைம்பெண் என்பதா, மணமகள் என்பதா?

பாகப்பிரிவினையிலும் இதே இடர். காணாமற்போனவர் பங்கை ஒதுக்கிவைக்க ஃபிக்ஹு நூல்கள் வழி கூறுகின்றன. அக்கரையில் உயிரோடிருக்கும் மகனுக்கோ மகளுக்கோ பங்கு உறுதி. பத்திரத்தில் கையொப்பம் பெறுவதுதான் அரிது.

1982இல் பர்மா இயற்றிய குடியுரிமைச் சட்டம், 1823க்கு முன்பே அங்கு வேரூன்றிய இனத்தாருக்கே முழு உரிமை என வகுத்தது. எஞ்சிய தமிழர் பலர் இரண்டாம் தரத்தினராயினர். இடையில் பயணம் சற்று எளிதாகிப் பேரன்மார் சிலர் சென்று கண்டனர். 2021இல் மீண்டும் இராணுவ ஆட்சி வந்தது. எல்லையோர மக்களின் தடையற்ற போக்குவரத்தை நிறுத்துவதாக 2024 பிப்ரவரியில் இந்தியா அறிவித்தது. 1964இல் கைக்குழந்தையாக விடப்பட்டவர்க்கு அவ்வாண்டில் அகவை அறுபது.