ஒரு லிட்டர் பாலில் பனீர் சாதம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களில், மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்துக்கு வரவு தருவது கறவை மாடு. அந்தப் பால் நம் வீடுகளில் தயிராகும், மோராகும், நெய்யாகும். சோற்று வகைகளிலும் இங்கே பெயர் பெற்றவை திருமலையின் புளியோதரையும் தயிர் சாதமுமே. பன்னீர் என்றால் திருமணப் பந்தலில் தெளிப்பது என்றிருந்த வீடுகளில், இன்று பிள்ளைகள் விரும்பிக் கேட்பது பனீர் சாதம்.

கடைப் பனீர் பாலால் ஆனதுதானா என்பதே பெற்றோரின் ஐயம். பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த பண்டத்தைப் பனீர் என்ற பெயரில் விற்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. ஆயினும் உதிரியாக வாங்கும்போது வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. வீட்டிலேயே செய்துகொண்டால் ஐயத்துக்கு இடமில்லை.

ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளறுங்கள். பால் திரிந்து, இளம்பச்சை நிறத் தெளிநீர் பிரியும். மெல்லிய துணியில் வடிகட்டி, கட்டியை நல்ல நீரில் அலசிப் பிழிந்து, அரை மணி நேரம் கனமான பாத்திரத்தின் அடியில் வையுங்கள். 150 முதல் 200 கிராம் பனீர் கிடைக்கும்.

தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள், பாலின் புரதத்தில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. ஒரு தம்ளர் பச்சரிசியைக் கழுவி 20 நிமிடம் ஊறவையுங்கள். பனீரைத் துண்டுகளாக்கி, நெய்யில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். அதே நெய்யில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், பட்டாணி வதக்குங்கள். அரிசி, உப்புடன் ஒரு தம்ளர் தெளிநீரும் ஒரு தம்ளர் நீரும் விட்டு, கொதித்ததும் மூடி, சிறு தீயில் வேகவிடுங்கள். இறக்கியபின் பனீரைச் சேர்த்து, மெதுவாகக் கிளறிக் கொத்தமல்லி தூவுங்கள். எஞ்சிய தெளிநீர் ரசத்துக்கும் சப்பாத்தி மாவுக்கும் உதவும்.

ஒருமுறை செய்து பார்த்தால் ஒரு கணக்கும் விளங்கும். ஒரு கிலோ பனீருக்கு 5 முதல் 6 லிட்டர் பால் வேண்டும். 5 லிட்டர் பாலின் விலையைவிட மலிவாகக் கிடைக்கும் பனீரை ஐயத்துடன்தான் பார்க்கவேண்டும். அதில் பால் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு மாடு வளர்க்கும் குடும்பத்தின் வரவும் குறைகிறது.