ஈயின் மூளையில் ஒரு கடிகாரம்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிறு ஈக்களை அறியாதார் இலர். பழ ஈ எனப்படும் இப்பூச்சி வைகறையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகத் திரியும். நண்பகலிலும் நள்ளிரவிலும் ஓய்ந்திருக்கும். இதனை ஒளி புகாத அறையில் அடைத்தாலும், உலாவலும் ஓய்வும் ஏறத்தாழ 24 மணிக்கு ஒருமுறை மாறி மாறி வருகின்றன. கதிரவனைக் காணாத ஈக்குப் பொழுதை உணர்த்துவது யாது?

1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கொனோப்கா, பென்சர் என்னும் அறிஞர் இருவர் மூவகை விந்தை ஈக்களைக் கண்டனர். ஒருவகைக்கு நாள் 19 மணியில் முடிந்தது. மற்றொன்றுக்கு 28 மணி வரை நீண்டது. மூன்றாம் வகைக்கோ ஒழுங்கே இல்லை. மூன்றிலும் மாறியிருந்தது ஒரே மரபணு. அது ஆக்குவிக்கும் புரதம் இரவில் பெருகி, உயிரணுவின் கருவினுள் புகுந்து, தன் உற்பத்தியைத் தானே தடுக்கிறது. பின்பு அது சிதைந்து குறைந்ததும் உற்பத்தி மீண்டும் தொடங்குகிறது. இச்சுழற்சிக்கு ஆகும் காலமே ஒரு நாள். இதனை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர்க்கும் 2017-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

ஈயின் மூளையில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள. அவற்றுள் கடிகார வேலை பார்ப்பவை சுமார் 240 மட்டுமே. அவற்றுள்ளும் வேலைப் பங்கீடு உண்டு. ஒரு பிரிவை அழித்தால், விடியுமுன் விழித்தெழும் வழக்கம் மறைகிறது. மாலை உலாவல் நிற்பதில்லை. வேறொரு பிரிவை அழித்தால் மாலை உலாவலுக்கான ஆயத்தம் மறைகிறது. 2004-இல் இது தெளிவாயிற்று. காலை அணுக்கள் ஒருவகை இரசாயனத் தூதினைச் சுரந்து ஏனையவற்றோடு இசைந்து நடக்கின்றன. அத்தூது இல்லாத ஈக்கள் பெரும்பாலும் இருளில் இரண்டொரு நாளில் ஒழுங்கு தவறிவிடுகின்றன.

நம் மூளையிலும் இத்தகைய கடிகாரம் உண்டு. பழ ஈயின் மரபணுவை ஒத்த மரபணுக்களும் உண்டு. மாலை ஏழரை மணிக்கே உறங்கி, விடியற்காலை நாலரைக்கு விழிக்கும் ஒரு குடும்பத்தாரிடம் அத்தகைய மரபணு ஒன்று மாறியிருப்பது 2001-இல் அறியப்பட்டது. ஆகவே முன்னிரவிலேயே கண்ணயர்வோரையும், காலையில் எழ இயலாதோரையும் சோம்பேறிகள் எனக் கடிவதற்கு முன் சற்றே சிந்திப்போமாக. இரவுப் பணியாற்றுவோர் பகலில் உறக்கம் வாராது வருந்துவதும் மனத்தின் குறையன்று. அவர்தம் உள்ளிருக்கும் கடிகாரம் பணிநேர அட்டவணையை அறியாது, பெரும்பாலும் ஒளியையே அறியும்.