‘டா’வைத் திருப்பிச் சொன்ன கேசட்

கொங்குத் தமிழ் மரியாதைக்குப் பேர்போனது என்பார்கள். ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘ஏனுங்க’ என்று எந்தச் சொல்லோடும் ஒரு ‘ங்க’ சேர்த்துப் பேசுவது கோவைக்காரர்களின் அடையாளம் என்று சினிமாவிலும் மேடையிலும் கேட்டிருப்பீர்கள். அந்த ‘ங்க’ எங்கள் வளவுக்குள் வந்ததில்லை. ஊர் எல்லையிலேயே நின்று ‘டா’வாக மாறிவிடும். அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் பெயர் சொல்லி ‘டா’ போட்டு அழைப்பான். பெரியவர் ‘சாமி’ என்று கைகட்டி நிற்பார். இதை யாரும் எங்களுக்குக் கதையாகச் சொல்லவில்லை. எங்கள் தாத்தாவை அப்படி அழைப்பதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அந்த ‘டா’ திசை மாறியதை முதன்முதலில் ஒரு கேசட்டில் கேட்டோம். 1990களின் தொடக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போன எங்கள் பெரியப்பா மகன், ஒரு பழைய டேப் ரெக்கார்டரும் நான்கைந்து கேசட்டுகளும் வாங்கி வந்தார். அவற்றில் ஒன்று யாரிடமோ கொடுத்துப் பதிவு செய்தது. அட்டைப்படம் கிடையாது. மேலே பேனாவால் ‘கே.ஏ.குணசேகரன்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ‘மனுசங்கடா’ பாட்டு அதில்தான் இருந்தது.

பாட்டின் பின்னணியை இன்றைய மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். 1968 டிசம்பர் 25 அன்று, அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமையை மனத்தில் வைத்துக் கவிஞர் இன்குலாப் எழுதியது ‘மனுசங்கடா’. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல்.

குணசேகரன் 1955இல் சிவகங்கை மாவட்டம் இளையான்குடிப் பக்கம் மாரந்தையில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டுப்புறக் கலைகளை ஆய்வு செய்தவர், ‘தன்னானே’ என்ற கலைக்குழுவை நடத்தியவர், ‘பலியாடுகள்’ நாடகத்தை எழுதியவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். இவ்வளவும் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது குரல் மட்டும்தான். அது கெஞ்சவும் இல்லை, அழவும் இல்லை. நாங்களும் மனிதர்கள் என்பதை எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

வீட்டில் நாங்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். கொங்குப் பகுதி அருந்ததியர் வீடுகளில் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. எங்களுக்குத் தமிழ் என்றால் ஒன்று பள்ளிக்கூடத்துத் தமிழ், இன்னொன்று தோட்டத்துக்காரர் எங்களை வேலை ஏவும் தமிழ். எங்கள் பக்கம் நின்று பேசுகிற தமிழ் ஒன்று உண்டு என்பதை அந்தக் கேசட்தான் காட்டியது.

முதல்நாள் பாட்டு முடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தா கேட்டார்: “யாரைப் பாத்து ‘டா’ போட்டுப் பாடறான் இவன்?”

“நம்மள ‘டா’ போடறவங்களப் பாத்துத்தான் தாத்தா.”

“சத்தத்தைக் கொறைங்கடா, ஊருக்குள்ள கேக்கப்போவுது” என்று அதட்டினார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இன்னொருக்கா போடு, பாக்கலாம்” என்றார்.

அன்றைக்கு எத்தனை முறை போட்டோம் என்று நினைவில்லை. அடுத்த சில வருடங்களில் அந்த நாடா பலமுறை சிக்கிக்கொண்டது. பேனாவை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்தோம். அறுந்த இடத்தைச் செல்லோ டேப் வைத்து ஒட்டினோம். ஒட்டிய இடத்தில் குரல் ஒரு நொடி விழுங்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அதே இடத்தில் எங்கள் காது ஒரு நொடி நின்றுவிடுகிறது.

பாட்டு வளவை விட்டு வெளியே வந்தது ஒரு சாவு நாளில். தாத்தாவும் அப்பாவும் மேளக்காரர்கள். ஊருக்குள் யார் இறந்தாலும் சேதி வந்த உடனே மேளத்தோடு போய் நிற்க வேண்டும். கூலி என்று பேச்சே கிடையாது. கொடுப்பதை வாங்கிக்கொண்டு, போடுவதைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அந்தமுறை சேதி சொல்ல வந்த பையன் வழக்கம்போல் அப்பாவைப் பெயர் சொல்லி ‘வாடா’ என்றான். அப்பா எழுந்து வந்து நிதானமாகச் சொன்னார்: “மேளம் வேணும்னா பெரியவங்க வந்து கூலி பேசச் சொல்லுங்க. என்னையப் பேரச் சொல்லிக் கூப்பிட வேண்டாமுங்க.”

அன்று மேளம் போகவில்லை. அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் வீட்டுக்குத் தோட்ட வேலையும் இல்லை. அம்மா கட்டட வேலைக்குப் பேருந்து ஏறினார். அப்பா, திருப்பூரில் அண்ணன் தங்கியிருந்த அறையில் போய்ச் சேர்ந்துகொண்டார். தாத்தா அப்பாவோடு சில வாரங்கள் பேசவே இல்லை. ஒரு ‘டா’வுக்கு நாங்கள் கொடுத்த விலை அது.

ஒரு கேசட் வாழ்க்கையை மாற்றிவிடுமா என்று கேட்டால், கேசட் மட்டும் மாற்றிவிடாது என்பதே எங்கள் பதில். திருப்பூருக்குப் பேருந்தும் அங்கே வேலையும் இருந்ததால்தான் அப்பாவால் அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தார். எங்களைப் படிக்க வைத்தது ஆதிதிராவிடர் நல விடுதி. எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளுக்கு 2009இல் தமிழக அரசு கொடுத்த அருந்ததியர் 3 சதவீத உள் ஒதுக்கீடு கைகொடுத்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இவையெல்லாம் கால் ஊன்ற இடம் கொடுத்தன. நிமிர்ந்து நின்று என்ன பேசுவது என்பதைப் பாட்டுதான் கொடுத்தது.

எங்கள் வீட்டு மூன்று தலைமுறையையும் சொற்களை வைத்தே கணக்குப் பார்க்கலாம். தாத்தா கடைசிவரை ‘சாமி’யை விடவில்லை. அப்பா ‘ஏனுங்க’வுக்கு வந்தார். நாங்கள் ‘அண்ணா’ என்று அழைக்கிறோம். எதிர்ப்பக்கமிருந்து ‘தம்பி’ என்று சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை.

மனுசங்க, டா. இந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு ‘ங்க’வும் ஒரு ‘டா’வும் சேர்ந்து இருப்பதை வெகுநாள் கழித்துத்தான் கவனித்தோம். ‘ங்க’ எங்களுக்கு, ‘டா’ எங்களை மனிதராக மதிக்காதவர்களுக்கு. ஆனாலும் யாரையும் ‘டா’ போடுவது எங்கள் ஆசை இல்லை. இரண்டு பக்கமும் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொள்ளும் ஊர் அமைந்தால் அந்தப் பாட்டுக்கே வேலை இருக்காது.

அப்படி ஓர் ஊர் இன்னும் அமையவில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில், மேட்டுப்பாளையம் நடூரில் ஓர் உயரமான கருங்கல் சுவர் அருந்ததியர் குடியிருப்பின் மேல் சரிந்தது. தூக்கத்திலேயே 17 பேர் இறந்தார்கள். தீண்டாமைச் சுவர் என்றுதான் அந்தப் பகுதி மக்கள் அதைச் சொன்னார்கள். அன்று இரவு அப்பா அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். கேசட் எப்போதோ ஓடுவதை நிறுத்திவிட்டிருந்தது. கைப்பேசியில் போட்டோம். யாரும் எதுவும் பேசவில்லை.

பாட்டுக்கு உயிர் கொடுத்த இருவரும் ஒரே ஆண்டில் போனார்கள். குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்றும், இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்றும் மறைந்தார்கள். அவர்கள் போட்ட பாதை அடைபடவில்லை. பா.ரஞ்சித் முன்னெடுப்பில் 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவையும் ராப்பையும் சேர்த்து அதே கேள்வியைக் கேட்டது. சாதி பேதமற்றவர் என்ற அடையாளத்தை வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட குழு அது. அவர் பணியாற்றியதும் நமக்குப் பக்கத்து நீலகிரியில்தான். பறை இசைக்காக மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. நம் கோவைப் பக்கத்து ஜமாப் மேளமும் இன்று கூலி பேசி, சீருடை போட்டு, கோயில் விழாக்களுக்குப் போகிறது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறோம். ஒன்று, குணசேகரன் எழுதிய தன்வரலாறு ‘வடு’. கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் ஒருவிதமாகவும், சுற்றியுள்ள கிராமங்களில் வேறுவிதமாகவும் நடத்தப்பட்ட ஒரு சிறுவனின் கதை அது. சின்னப் புத்தகம், எளிய தமிழ்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாட்டையும் மேளத்தையும் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யார் வாசித்தது, எந்த ஊர், எப்போது என்று அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். எங்கள் தாத்தா வாசித்த அடிகளில் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. டேப் ரெக்கார்டர் வீட்டிலேயே இருந்தும், அவர் மேளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.