ஒளியின் ஆணைக்கு அடங்கும் நுண்துகள்

மியூனிக் நகரில் பேராசிரியர் டாப்பைனரின் மாணாக்கராயிருந்த ஆஸ்கர் ராப், அக்ரிடின் என்னும் சாயம் கலந்த நீரில் விடப்பட்ட பாரமீசியம் என்ற நுண்ணுயிர் வெளிச்சத்தில் விரைவில் மடிவதையும், இருளில் வைத்தால் நெடுநேரம் பிழைத்திருப்பதையும் கண்டு, 1900-ஆம் ஆண்டில் அதைப் பிரசுரம் செய்தார். சாயமும் ஒளியும் தனித்தனியே சாதிக்காத காரியத்தைக் கூடிச் சாதித்த அந்த விந்தையிலிருந்தே, மருந்தின் சக்தியை வேண்டும்போது எழுப்பி வேண்டாதபோது அடக்கிவைக்கும் ஆசை விஞ்ஞானிகளுக்குப் பிறந்தது.

அமெரிக்காவில் போல்டர் நகரத்துக் கொலராடோ சர்வகலாசாலையில், பிரசாந்த் நாக்பால், அனுஸ்ரீ சாட்டர்ஜி ஆகியோரின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அந்த ஆசை நூதனமான ரூபம் பெற்றது. பல மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாக்களின்மீது, காட்மியம் டெல்லுரைடு முதலியவற்றாலான, நானோமீட்டர் கணக்கில் அளக்கப்படும் குவாண்டம் புள்ளிகள் என்னும் துகள்களை அவர்கள் பிரயோகித்தார்கள். ஒளி பட்டதும் துகளினுள் எலெக்ட்ரான் ஒன்று உயர்நிலைக்குத் தாவி, அருகிலுள்ள ஆக்ஸிஜனைச் சேர்ந்து சூப்பர் ஆக்ஸைடாக்க, அதனால் உயிரணுவின் ரசாயனச் சமநிலை குலைந்து கிருமி அழிகிறது. சோதனைக்கூடத்தில் வளர்த்த கிருமிகளில் 92 சதவிகிதம் இவ்வாறு மாண்டன. கூடவே வளர்ந்த மனித உயிரணுக்களோ சேதமின்றித் தப்பின. இருளிலோ துகள் வெறும் ஜடம்.

இதைக் காட்டிலும் வியப்பானது வேறொன்று. துகளின் பருமனைக் கூட்டியும் குறைத்தும், தம்பூராவின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்ப்பதுபோல, அதன் எலெக்ட்ரான் சக்தியை இஷ்டப்படி அமைக்கலாம்; ஒரு சுருதியில் கிருமியைக் கொல்லும் துகள், வேறொரு சுருதியில் அதே கிருமியைப் பல்கிப் பெருகவும் செய்துவிடுகிறது. ஆகவே துகள் எந்தப் பொருளாலானது என்பதைவிட, எந்தச் சக்தியில் எலெக்ட்ரானை ஈகிறது என்பதே பிரதானம். விஷமென்றும் போஷணையென்றும் நாம் பிரித்துச் சொல்லும் குணங்கள் இரண்டும் இங்கே அந்தச் சக்தியின் அளவைப் பொறுத்தே பிறக்கின்றன.

காட்மியம் விஷ உலோகம் என்பதையும், கண்ணுக்குப் புலனாகும் ஒளி மாமிசத்துக்குள் ஆழமாக இறங்காது என்பதையும் மறக்கலாகாது. தோலின் புண்ணைப்போல வெளிச்சம் எட்டும் இடங்களே இம்முறைக்கு முதலில் உரியவை. உள்ளுறுப்புகளுக்கு, உடலை ஊடுருவவல்ல அகச்சிவப்பொளியை வாங்கி நீல ஒளியாக மாற்றித் தரும் வேறு வகைத் துகள்கள் வேண்டும். ஜப்பானின் ரிக்கன் நிலையத்தார் அத்தகைய துகள்களைக் கொண்டு, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து பாய்ச்சிய ஒளியாலேயே எலியின் மூளை நரம்பணுக்களைத் தூண்டிக் காட்டியது 2018-இல். ஆழத்துக்கு ஒளியைக் கொண்டுசெல்லும் அந்த வித்தையும், சுருதி சேர்த்த துகளின் வித்தையும் தீங்கற்ற ஒரே பொருளில் கூடும்போதுதான், சோதனைக்கூடத்தின் இந்தச் சாதனை வைத்தியனின் கைக்கு வரும்.