அலமாரிகள் மேல் ஒரு கூடம்

நியூயார்க் பொது நூலகத்தின் தலைமைக் கட்டடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது அவென்யூ வாசலில் இருக்கும் இரண்டு கற்சிங்கங்களோடு படம் எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்தைப் பின்பக்கமிருந்துதான் முதலில் பார்க்க வேண்டும். பிரயண்ட் பூங்காவில் நின்று அண்ணாந்தால், சுவர் நெடுகிலும் ஒடுங்கி உயர்ந்த சன்னல்கள் தெரியும். அவற்றுக்கு மேலே அகன்ற வளைவுச் சன்னல்கள். ஒடுங்கியவை புத்தக அடுக்குகளுக்கு, அகன்றவை வாசகர்களுக்கு. உள்ளே நடக்கும் வேலையைச் சுவரே சொல்லிவிடுகிறது.

இந்த அமைப்பை யோசித்தவர் நூலகத்தின் முதல் இயக்குநர் ஜான் ஷா பில்லிங்ஸ். ராணுவத்தில் அறுவை மருத்துவராக இருந்தவர். வாசிப்புக் கூடம் தெருச் சத்தம் எட்டாத உச்சியில், நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும், புத்தகங்கள் நேர் கீழே இருக்கட்டும் என்று அவரே வரைபடம் போட்டுக் கொடுத்தார். கரேர், ஹேஸ்டிங்ஸ் என்ற கட்டடக் கலைஞர்கள் அதற்கு உருவம் தந்தார்கள். பழைய குரோட்டன் நீர்த்தேக்கத்தை இடித்த இடத்தில், 1911 மே மாதம் நூலகம் திறந்தது.

கீழே ஏழு அடுக்கு இரும்பு அலமாரிகள். அவற்றின் தூண்கள்தாம் மேலே 297 அடி நீளமும் 78 அடி அகலமும் கொண்ட கூடத்தின் தரையைத் தாங்குகின்றன. முன்பெல்லாம் வாசகர் சீட்டு எழுதித் தருவார். அது குழாய்க்குள் காற்றழுத்தத்தில் பறந்து, உரிய அடுக்குக்குப் போய் விழும். அங்குள்ள ஊழியர் புத்தகத்தை எடுத்து மேலே அனுப்புவார். முதன்முதலாகக் கேட்கப்பட்ட ரஷ்ய மொழி நூல் சில நிமிடங்களில் கைக்கு வந்தது.

வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படாத அந்த அடுக்குகள் பழைய தாளுக்கு ஏற்றவையல்ல என்பது பிறகு தெரிந்தது. பூங்காவுக்கு அடியில் புதிய கிடங்கு தோண்டினார்கள். பழைய அலமாரிகளை அகற்றிவிட்டு அங்கே இரவல் நூலகம் அமைக்கவும் ஒரு திட்டம் வந்தது. ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் கடுமையாக எதிர்த்ததால் 2014-இல் அது கைவிடப்பட்டது. சரியான முடிவு. புத்தகம் போனாலும் பாரம் போகவில்லையே. அந்த இரும்பை எடுத்தால் கூடத்துக்கு வேறு முட்டுக் கொடுத்தாக வேண்டும்.

2016 முதல், 24 சிறு சிவப்புப் பெட்டிகள் பூங்காவுக்கு அடியிலிருந்து புத்தகம் சுமந்து வருகின்றன. அவை தண்டவாளத்தில் படுக்கையாக ஓடி, சுவரோரம் செங்குத்தாகவும் ஏறுகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 13 கிலோ ஏற்றலாம்.