சதியைத் தேடி வந்த ஒற்றர் கிணற்றில் ஜாடி போட்ட கதை

காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா. அங்கே இங்கிலீஷ்காரன் ராஜ்யம். காரைக்காலுக்குள் பிரெஞ்சுக்காரன் கொடி. 1954 நவம்பர் 1-ந் தேதி வரை சுதந்திர இந்தியாவிலும் அந்தக் கொடி இறங்கவில்லை.

இன்றைக்கு அந்த எல்லையைத் தாண்டுகிறவர்களில் பலருக்கு பாட்டில்தான் குறி. அன்றைக்கு அது உயிர்ப் பிரச்சினை. பிரெஞ்சு மண்ணில் கால் வைத்துவிட்டால் இங்கிலீஷ் போலீஸ் கைவைக்க முடியாது. காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே கவர்னர், ஒரே சட்டம்.

அதை நம்பித்தான் 1908-ல் பாரதியாரும், 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அதே ஆண்டு அக்டோபரில் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கைதுதானே செய்ய முடியாது? வேவு பார்க்கலாமே! மப்டியில் சி.ஐ.டி.க்கள் வந்து இறங்கினார்கள். யார் வீட்டுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று கண்காணிப்பதே அவர்களுக்கு வேலை.

கோட்டை விட்டார்கள்

இவ்வளவு பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்த ஊருக்கு 1911 ஜனவரியில் செங்கோட்டை வாஞ்சிநாதன் வந்தார். ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார். ஊருக்குத் திரும்பியும் போய்விட்டார். ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரெயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை சுட்டுக்கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

நிஜமான சதி நடந்தபோது ஒற்றர்கள் தடுக்கவில்லை. பிறகு துப்புத் துலங்கியதும், பிடிபட்டவர்களில் அப்ரூவர் கிடைத்ததால்தான். 14 பேர் மீது வழக்கு நடந்தது. முதல் எதிரி, காரைக்காலுக்கு வடக்கே சீர்காழிப் பக்கத்து எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி. அவருக்கு 7 வருஷம் கடுங்காவல்.

வாளியில் வந்த வம்பு

பறிபோன மானத்தை மீட்க வேண்டும். சதி கிடைக்காவிட்டால் என்ன, செய்துவிட்டால் போச்சு!

1912-ல் ஒருநாள் ஐயர் வீட்டு வேலைக்காரி கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். வாளியோடு ஒரு ஜாடி வந்தது. திறந்தால், உள்ளே காளி படம், வங்காளி மொழியில் எழுதிய காகிதங்கள். ஐயர் பாரதியாரிடம் ஓடினார். பாரதியார் அரவிந்தரிடம் போனார். மறைக்காதே, பிரெஞ்சு போலீசிடம் நாமே சொல்லிவிடுவோம் என்று முடிவாயிற்று.

இந்த முடிவுதான் எல்லோரையும் காப்பாற்றியது. ஏனென்றால், சுதேசிகள் ஆபத்தான சதி செய்கிறார்கள் என்று பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தார் மயூரேசன் என்ற ஆள். ஜாடி ஐயர் வீட்டுக் கிணற்றிலேயே பிடிபட்டிருந்தால், அடைக்கலம் கொடுத்த மண்ணே அவர்களைக் கைகழுவியிருக்கும்.

விசாரணை மாஜிஸ்திரேட் நாந்தோ அரவிந்தர் வீட்டைச் சோதனை போட்டார். வெடிகுண்டு இல்லை. கிடைத்ததெல்லாம் லத்தீனும் கிரேக்கமும்! இந்த மனுஷன் இவ்வளவு படித்தவரா என்று அசந்துபோனார். அப்புறம் அரவிந்தரிடம் அவருக்கு மரியாதை வந்துவிட்டது.

பொய்ப் புகார் கேஸ் தன் மேலேயே திரும்புகிறது என்று தெரிந்ததும் மயூரேசன் கம்பி நீட்டினார். எங்கே? எல்லையைத் தாண்டி இங்கிலீஷ் சீமைக்கு! எந்த எல்லை தேசபக்தர்களைக் காப்பாற்றியதோ, அதே எல்லை மறுபக்கமாக ஒற்றரையும் காப்பாற்றியது.

மொட்டைத் தலை

இன்னொருவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டார். பீரேன் என்ற வங்காளி. 1913-ல் அரவிந்தரிடம் வந்து தங்கிய ஒரு நோயாளியோடு பணிவிடைக்கு வந்தவர், சமையலும் செய்தார்.

திடீரென்று ஒருநாள் மொட்டை அடித்துக்கொண்டார். தனக்குப் பதிலாக வரவிருந்த அடுத்த ஒற்றனுக்கு அதுதான் அடையாளம். இது தெரியாத ஒரு பையன், விளையாட்டாக, நானும் அடித்துக்கொள்கிறேன் என்று தலையை மழித்துவிட்டான்.

பீரேனுக்கு வெலவெலத்துப் போயிற்று. குட்டு உடைந்துவிட்டது என்றே நினைத்தார். ஒருநாள் மாலை எல்லோர் முன்னாலும், நான் ஒற்றன் என்று தானே ஒப்புக்கொண்டு, வேவுக்கு வாங்கிய பணத்தை அரவிந்தர் காலடியில் வைத்து அழுதார்.