பாடம் 14: மலையடி வரைக்கும் எப்படிப் போறது?

நடந்து போகும் யாத்திரைக்கு முதலில் என்ன வேண்டும்? “நல்ல ஷூ!”, “தண்ணி பாட்டில்!” என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று வேண்டும். நடக்கத் தொடங்கும் ஊருக்கு நாம் போய்ச் சேர வேண்டும்!

ஐசலினில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி, அம்மாயி என்று ஐந்து பேர். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. குளிர்கால விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஒரு நாள் பேச்சு வந்தது.

“எனக்கு ஒரு ஆசை இருக்கு. சிவனொளிபாத மலையைத் திரும்ப ஒரு தடவ பாக்கணும்” என்றார் அம்மாயி.

எந்த மலை?

சிவனொளிபாத மலை இலங்கையில் இருக்கிறது. உயரம் 2,243 மீட்டர். உச்சியில் ஒரு பாறையில் பெரிய பாதச் சுவடு போன்ற ஒரு பள்ளம் உண்டு. அது சிவனின் பாதம் என்று இந்துக்கள் சொல்கிறார்கள். புத்தரின் பாதம் என்று பௌத்தர்கள் சொல்கிறார்கள். ஆதாமின் பாதம் என்று முஸ்லிம்கள் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களும் இந்த மலைக்கு வருகிறார்கள். இபன் பதூதா என்ற பயணி 1344-ஆம் ஆண்டிலேயே இந்த மலையில் ஏறி, அதைப் பற்றி எழுதினார்.

மக்கள் நடு இரவில் ஏறத் தொடங்குவார்கள். சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்பார்கள். அப்போது மலையின் நிழல் மறுபக்கம் ஒரு பெரிய முக்கோணமாக விழும்!

அம்மாயியின் கதை

அம்மாயி பிறந்தது மஸ்கெலியா பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து போய், இலங்கை மலைகளில் வேலை செய்த குடும்பங்களில் அம்மாயியின் குடும்பமும் ஒன்று. 1948-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமல் போனது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி லட்சக்கணக்கான மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1974-இல் அம்மாயிக்குப் பன்னிரண்டு வயது. ஹட்டனில் ரயில் ஏறினார். தலைமன்னாரில் கப்பல் ஏறினார். ராமேஸ்வரத்தில் இறங்கி, பிறகு நீலகிரிக்குப் போனார். அதற்கப்புறம் அந்த மலையைப் பார்க்கவே இல்லை.

“அப்ப மலைக்கு எப்டிப் போவீங்க அம்மாயி? பஸ்லயா?” என்று தம்பி கேட்டான்.

அம்மாயி சிரித்தார். “பஸ்ஸும் இல்ல, கோச்சியும் இல்ல. ராத்திரி சோறு சாப்பிட்டுட்டு லயத்துல இருந்தே நடந்துருவோம். மலை எங்க வாசல்லதானே இருந்துச்சு!”

இப்போது வாசல் ஐசலினில் இருக்கிறது. அம்மாயிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சையும் நடந்திருக்கிறது. என்ன செய்வது?

“எனக்கு உச்சிக்குப் போகணும்னு இல்லடா. அடிவாரத்துல நின்னு மலையப் பாத்தா போதும். நீங்க ஏறுங்க” என்றார் அம்மாயி.

அப்படியென்றால் மற்ற நால்வருக்கும் யாத்திரை மலையடியில்தான் தொடங்கும். ஆனால் அம்மாயிக்கு மலையடிவாரம்தான் கோயில். அதனால் அங்கே போய்ச் சேர்வதை மிகவும் கவனமாகத் திட்டமிட வேண்டியிருந்தது.

முதல் வேலை: ஊரின் பெயரைச் சரியாகக் கண்டுபிடி

மலையில் ஏறப் பல வழிகள் உண்டு. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்து ஏறலாம். அது நீளமான வழி. ஹட்டன் பக்கம் நல்லதண்ணி என்ற சிற்றூரிலிருந்து ஏறினால் தூரம் குறைவு. ஏறத்தாழ 7 கிலோமீட்டர். ஆனால் சுமார் 5,500 படிகள்!

நல்லதண்ணிக்கு ஆங்கிலேயர் வைத்த இன்னொரு பெயர் டல்ஹவுசி. அக்கா போனில் அந்தப் பெயரைப் போட்டுத் தேடினாள்.

“அப்பா, இது இமயமலைப் பக்கம் காட்டுது!”

ஆமாம். இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்திலும் டல்ஹவுசி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு மலை ஊர்கள்!

“நல்லதண்ணின்னு கேளு. பஸ்காரங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார் அம்மாயி. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது, பார்த்தீர்களா?

இரண்டாவது வேலை: காலத்தைப் பார்

மலைக்குப் போகும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி, மே மாதப் பௌர்ணமியில் முடியும். பருவத்தில் படிகள் நெடுக விளக்கு எரியும். டீக்கடைகள் திறந்திருக்கும். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேராகப் பஸ் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். மழையும் காற்றும் அதிகம்.

ஆனால் டிசம்பர் பௌர்ணமி ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில் வராது. சில ஆண்டு மாதத் தொடக்கத்திலும், சில ஆண்டு மாதக் கடைசியிலும் வரும். அதனால் காலண்டரைப் பார்த்துத்தான் விமான டிக்கெட் வாங்க வேண்டும். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. அந்த நாட்களிலும் சனி, ஞாயிறிலும் கூட்டம் மிக அதிகம். அப்பா ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்றாவது வேலை: பின்னாலிருந்து கணக்குப் போடு

நாம் எப்போதும் புறப்படும் நேரத்திலிருந்து கணக்குப் போடுவோம். இந்த மாதிரிப் பயணத்துக்கு அது சரிவராது. சூரியன் நமக்காகக் காத்திருக்காது! அதனால் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

• புதன் காலை 6 மணிக்கும் 6.30-க்கும் நடுவில் சூரியன் உதிக்கும். 5.30-க்கே உச்சியில் இருக்க வேண்டும்.
• மெதுவாக ஏற 4 மணி நேரம். அப்படியென்றால் இரவு 1.30-க்குப் புறப்பட வேண்டும்.
• அதற்கு முன் கொஞ்சம் தூங்க வேண்டும். செவ்வாய் மாலை 6 மணிக்குள் நல்லதண்ணியில் இருக்க வேண்டும்.
• ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு மலைப்பாதையில் 2 மணி நேரம். மாலை 4 மணிக்குள் ஹட்டனை விட்டுக் கிளம்ப வேண்டும்.
• கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் 5 அல்லது 6 மணி நேரம். ஆகவே செவ்வாய்க் காலையிலேயே ரயில் ஏற வேண்டும்.
• திங்கள் கொழும்பில் ஓய்வு.

“அப்ப நம்ம வீட்ட விட்டு எப்ப கிளம்பணும்?” என்று கேட்டான் தம்பி.

நியூ ஜெர்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா போன்ற ஊரில் மாற வேண்டும். மொத்தம் 21 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சனி இரவு 10 மணிக்குப் புறப்பட்டால், ஞாயிறு இரவு 7 மணிக்குப் போய் இறங்கலாம். ஆனால் அது நம் கடிகாரம்! குளிர்காலத்தில் இலங்கை நம்மைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே அப்போது திங்கள் காலை 5.30.

நான்காவது வேலை: வண்டியைத் தேர்ந்தெடு

இப்போது வீட்டில் சின்னச் சண்டை. “ஏர்போர்ட்லேர்ந்து நேரா வேன் புடிச்சிடலாம்” என்றார் அப்பா. “செலவு ஜாஸ்திங்க. பஸ்ல போகலாம்” என்றார் அம்மா. “ட்ரெயின்! ட்ரெயின்!” என்றார்கள் பிள்ளைகள்.

ஒவ்வொன்றிலும் நன்மை உண்டு, குறையும் உண்டு.

ரயில்: கொழும்பிலிருந்து ஹட்டன் சுமார் 170 கிலோமீட்டர். “மெட்ரோபார்க்லேர்ந்து நியூயார்க்குக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாதே. இது ஏன் இவ்ளோ நேரம்?” என்று அக்கா கேட்டாள். ஏனென்றால் இந்த ரயில் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. நேராக ஏற முடியாது. வளைந்து வளைந்து, குகைகளுக்குள் நுழைந்து, மெதுவாக ஏறும். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு. முழங்கால் வலிக்கு அது நல்லது. ஆனால் இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முன்பதிவு அவசியம். மழையில் மண் சரிந்தால் ரயில் நின்றுவிடும். அதனால் முதல் நாளே விசாரிக்க வேண்டும்.

பஸ்: கட்டணம் மிகக் குறைவு. ஆனால் பருவத்தில் நெரிசல். நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது.

வேன்: நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் செலவு அதிகம். வாடகையை முன்னாலேயே பேசி முடிக்க வேண்டும்.

அம்மாயி மெதுவாகச் சொன்னார்: “கோச்சிலதான் அந்த ஊர விட்டு வந்தேன். கோச்சிலயே திரும்பப் போறேனே.”

அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஹட்டன் வரை ரயில், அங்கிருந்து வேன் என்று முடிவானது. திரும்பி வரும்போது அவசரம் இல்லை. அப்போது பஸ்.

ஐந்தாவது வேலை: பேசி உறுதிசெய்

ஹட்டனில் ஒரு வேன் ஓட்டுநரின் எண் கிடைத்தது. இரவு 8 மணிக்கு அப்பா போனை அக்காவிடம் கொடுத்தார். “நீயே தமிழ்ல பேசு பாப்போம்.” அக்காவுக்குப் பயம். இருந்தாலும் பேசினாள்.

“வணக்கம் அண்ணே. ஹட்டன் ஸ்டேஷன்லேர்ந்து நல்லதண்ணிக்கு வேன் வேணும்.”

“வணக்கம் தங்கச்சி. எத்தன பேரு?”

“அஞ்சு பேரு. பெரிய பெட்டி ரெண்டு. அம்மாயிக்கு முழங்கால் வலி. முன் சீட்டு வேணும்.”

“சரி. எந்தக் கோச்சில வாரீங்க?”

“செவ்வாக்கிழம காலைல கொழும்புலேர்ந்து வர்றது. லேட்டானா என்ன செய்றது?”

“காத்துக்கிட்டு இருப்பேன். நாவலப்பிட்டி வந்ததும் ஒரு கோல் எடுங்க.”

“வாடகை எவ்வளவு அண்ணே? காத்திருக்கறதுக்குத் தனியா தரணுமா?”

“தனியா ஒண்ணும் வேணாம் தங்கச்சி.” வாடகையைச் சொன்னார். அக்கா எழுதிக்கொண்டாள்.

அப்போது அம்மாயி கை நீட்டினார். “போன இங்க குடும்மா… தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?”

“மஸ்கெலியாப் பக்கந்தாம்மா. இப்ப வீட்லதான் நிக்கிறேன்.”

“அங்க இப்ப மணி என்ன?”

“காலைல ஆறர.”

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “தம்பி, மலை தெரியுதா?”

“தெரியுதும்மா. இன்னிக்கு மேகமே இல்ல. நல்லா தெரியுது.”

அம்மாயி ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே ஐசலின் இருட்டாக இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

“வண்டி சரியாப் பேசிட்டே. இனி நான் வந்துருவேன்.”

சொல் அறிவோம்

அம்மாயி – அம்மாவின் அம்மா
யாத்திரை – புனித இடத்துக்குப் போகும் பயணம்
மலையடிவாரம் – மலையின் கீழ்ப்பகுதி
லயம் – தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய சிறு வீடுகள்
கோச்சி – ரயில் (இலங்கைப் பேச்சு வழக்கு)
கோல் எடு – போன் செய் (இலங்கைப் பேச்சு வழக்கு)
பௌர்ணமி – முழு நிலா நாள்
முன்பதிவு – இடத்தை முன்னாலேயே வாங்கி வைப்பது

பேசிப் பார்ப்போம்

1. அம்மாயி சின்ன வயதில் மலைக்கு எப்படிப் போனார்? இப்போது ஏன் அப்படிப் போக முடியாது?
2. ரயில், பஸ், வேன் மூன்றில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் சொல்லுங்கள்.
3. “எப்டிப் போவீங்க?”, “வேன் புடிச்சிடலாம்”, “வண்டி சரியாப் பேசிட்டே” – இவற்றை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
4. உங்கள் தமிழ்ப் பள்ளி காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.
5. உங்கள் தாத்தாவோ பாட்டியோ திரும்பப் பார்க்க ஆசைப்படும் ஊர் எது? அங்கே எப்படிப் போவது? வீட்டில் கேட்டு, ஐந்து வரிகள் எழுதி வாருங்கள்.